நீர்க்கோட்டைக்கு யார் காவல்? – வேலூர் அகழியும் நூறு மீட்டர் சட்டமும்

மலர்க் குழுவினர் தொலைபேசியில் கூப்பிட்டு, "உங்க ஊர்ப் பக்கத்து வரலாறு ஏதாவது எழுதிக் கொடுங்க சார், பிள்ளைங்களும் படிக்கிற மாதிரி இருக்கணும்" என்றார்கள். எங்கள் ஊர் வடமாலபேட்டை. புத்தூருக்கும் ரேணிகுண்டாவுக்கும் இடையில், சென்னை–திருப்பதி சாலையில் இருக்கிறது. ஏழுமலையானைப் பார்க்கக் காரில் போன நம் சங்கத்து அன்பர்கள் பலருக்கு அது டோல்கேட்டில் சில்லறை தேடிய இடம் என்ற அளவில் நினைவிருக்கலாம். அங்கே கோட்டையும் இல்லை, கொத்தளமும் இல்லை. ஆனால் ஊரிலிருந்து மேற்கே போனால் சந்திரகிரி, தென்மேற்கே போனால் வேலூர். ஒரே அரச வம்சம் அடுத்தடுத்துத் தலைநகராகக் கொண்ட இரண்டு கோட்டைகள் அவை. ஒன்று இப்போது ஆந்திரத்தில், மற்றொன்று தமிழ்நாட்டில்.

இந்த எல்லைக் கதையை ஒரு பத்தியில் சொல்லிவிடுகிறேன். பழைய வட ஆர்க்காடு மாவட்டத்துக்குச் சித்தூர்தான் தலைமையிடமாக இருந்தது. 1911 ஏப்ரலில் சித்தூர் தனி மாவட்டமாயிற்று. வட ஆர்க்காட்டின் தலைமையிடம் வேலூருக்குப் போயிற்று. 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் அங்கே சேர்ந்தது. 1960-இல் திருத்தணி இந்தப் பக்கம் வந்தது, நாங்கள் அந்தப் பக்கமே நின்றுவிட்டோம். 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டம் அமைந்தபோது எங்கள் மண்டலம் அதில் போயிற்று. வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, பள்ளிச் சான்றிதழில் இரண்டுக்கும் நடுவான ஓர் ஊர்ப்பெயர் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். "நீங்க தமிழா, தெலுங்கா?" என்று இங்கே யாராவது கேட்டால் எனக்கு இன்றும் ஒரு கணம் திகைப்புத்தான்.

வரலாற்றுக்குப் போகும் முன் ஒரு வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டும். எனக்கு இந்தச் சட்டமெல்லாம் தெரிந்ததே அதனால்தான்.

என் சித்தப்பா பணி ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தில், 2009-இல், சந்திரகிரியில் ஒரு பழைய ஓட்டு வீடு வாங்கினார். கோட்டை மதில் கண்ணுக்குத் தெரிகிற தெரு. காலையில் எழுந்தால் பாறைக் குன்றும் மதிலும். "ராஜா மாதிரி இருக்கலாம்டா" என்றார். கீழே தானும் சித்தியும், மேலே மாடி கட்டி மகனுக்கு என்பது அவர் கணக்கு. இரண்டு வருடம் கழித்து மாடிக்கு அனுமதி கேட்கப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. கோட்டையின் பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து அளந்தால் வீடு 82 மீட்டரில் இருந்தது. மாடி கட்ட முடியாது. வேண்டுமானால் அனுமதி வாங்கிக்கொண்டு ஓடு மாற்றலாம், சுவர் பூசலாம். வீட்டை முடித்துக்கொடுத்த தரகர் இதைப்பற்றி மூச்சே விடவில்லை.

"மகாலு எங்கியோ கீது, என் வூடு எங்கியோ கீது. இன்னா சட்டம்டா இது?" என்றார் சித்தப்பா.

"இல்ல சித்தப்பா, மகால்ல இருந்து அளக்க மாட்டாங்க. மதிலும் சேர்ந்து பாதுகாப்புல இருக்குது, அந்த எல்லையில இருந்துதான் அளப்பாங்க."

"கல்லுக்கு இருக்கிற சட்டம் மனுசனுக்கு இல்லையா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. மகன் ஹைதராபாத்திலேயே தங்கிவிட்டான். அந்த மாடி கட்டாமல் போனதும் அதற்கு ஒரு காரணம் என்று சித்தி இன்றும் சொல்வார். சட்டப் புத்தகத்தைத் தேடிப் படித்தது சித்தப்பாவுக்குப் பதில் சொல்லத்தான்.

இந்தியாவில் தொல்லியல் துறை 1861-இல் தொடங்கியது. கர்சன் பிரபு காலத்தில், 1904-இல், பழஞ்சின்னங்கள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விடுதலைக்குப்பின் 1958-ஆம் ஆண்டுச் சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. அதன்படி தேசிய முக்கியத்துவம் உடையது என்று அறிவிக்கப்பட்ட சின்னங்கள் மத்திய அரசின் காவலில் இருக்கின்றன. எந்த மாநிலத்தில் இருந்தாலும் சட்டம் ஒன்றுதான். ஆகவே எல்லைக்கோடு பிரித்துப்போட்ட சந்திரகிரியும் வேலூரும் இந்தச் சட்டத்தில் மறுபடி ஒரே கூரையின் கீழ் வந்துவிடுகின்றன. இது எனக்கு ஒரு சின்ன ஆறுதல்.

1958-ஆம் ஆண்டுச் சட்டம் சின்னத்தைக் காத்ததே தவிர, அதன் அக்கம்பக்கத்தைப்பற்றிப் பெரிதாகப் பேசவில்லை. 1992 ஜூன் 16 அன்று ஓர் அறிவிக்கை வந்தது. பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடை செய்யப்பட்ட பகுதி; அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டர் ஒழுங்குமுறைப் பகுதி. அறிவிக்கையாக இருந்த இந்த ஏற்பாடு 2010-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சட்டத்துக்குள்ளேயே ஏறியது. தேசிய நினைவுச் சின்னங்கள் ஆணையம் என்ற அமைப்பும் அப்போது பிறந்தது. சின்னத்தைச் சேதப்படுத்தினால் முன்பு 3 மாதச் சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம் என்றிருந்தது, 2 ஆண்டுச் சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை என்று உயர்ந்தது. 1992 ஜூன் 16-க்கு முன்பே இருந்த வீடுகளைத் தடைப் பகுதிக்குள் பழுதுபார்க்கலாம், அதற்கும் அனுமதி வேண்டும். சித்தப்பா வீடு இந்தக் கடைசி வகை.

சந்திரகிரியைக் காப்பது எவ்வளவு தேவையானது என்பதில் எனக்கு ஐயமில்லை. 1565-இல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் நொறுங்கியபின், ஆரவீட்டு அரசர்கள் பெனுகொண்டா, சந்திரகிரி, வேலூர் என்று தெற்கே தெற்கே நகர்ந்தார்கள். மூன்று மாடி ராஜமகால் மரம் சேர்க்காமல் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பியது, இன்று அருங்காட்சியகம். சென்னைக்கு இடம் கொடுத்த 1639-ஆம் ஆண்டுச் சாசனத்தின் கதையும் சந்திரகிரியோடு சேர்த்தே சொல்லப்படுகிறது. கையெழுத்து இந்த மகாலில் விழுந்ததா என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. ஊர்க்காரர்களுக்கு அந்த ஐயமெல்லாம் கிடையாது. எந்த அறையில் என்றுகூடக் காட்டுவார்கள்!

இனி வேலூர். எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு வேலூர் என்றால் முதலில் ஆஸ்பத்திரிதான். நைனாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது அங்கே பதினெட்டு நாள் இருந்தோம். மாலையில் நோயாளியைப் பார்க்கும் நேரம் முடிந்ததும் நான் போய் உட்காருகிற இடம் அகழிக் கரை. வெயில் தாழ்ந்த நேரத்தில் அந்தக் கருங்கல் மதில் தண்ணீரில் தலைகீழாக நிற்கும். சுண்ணாம்புச் சாந்து இல்லாமல் கல்லோடு கல்லைப் பொருத்தி எழுப்பிய மதில். நம் நாட்டில் மலைக்கோட்டைகளுக்குப் பஞ்சமில்லை. சமவெளியில், முழுவதும் நீர் சூழ, ஏரி நடுவே ஒரு தீவுபோல நிற்கிற கோட்டை தென்னாட்டில் அரிது.

வள்ளுவர் அரண் அதிகாரத்தில் கோட்டைக்கு வேண்டியவற்றை வரிசைப்படுத்தும்போது தெளிந்த நீரைத்தான் முதலில் வைக்கிறார். வெளிநிலமும் மலையும் காடும் அதன் பின்னரே. பிற்கால இலக்கணத்தில் கோட்டையை முற்றுகையிடுவோர் சூடுவது உழிஞை, காத்து நிற்போர் சூடுவது நொச்சி. இந்தக் காலத்தில் வேலூருக்கு நொச்சி சூட வேண்டியவர் யார் என்பதுதான் கேள்வி.

கோட்டை 16-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. விஜயநகரத்துக்கு அடங்கிய பொம்மி நாயக்கர் பெயரோடு அது சேர்ந்திருக்கிறது. சின்ன பொம்மன் அப்பய்ய தீட்சிதருக்குக் கனகாபிஷேகம் செய்தவர் என்பதை நம் பெரியவர்கள் அறிவார்கள். கோட்டைப் பரப்பு 133 ஏக்கர். புற்றைச் சுற்றி மழைநீர் தேங்கி நின்ற இடத்தில் லிங்கம் கிடைத்ததால் இறைவனுக்குச் சலகண்டேசுவரர் என்று பெயர் வந்ததாகத் தலக்கதை. பிறகு பிஜப்பூர்ப் படை, மராட்டியர், மொகலாயர், ஆர்க்காட்டு நவாபு, கும்பெனியார் என்று கைமாறிக்கொண்டே போனது. 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் எழுந்த கதையைப் பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறோம். திப்புவின் குடும்பத்தார் அப்போது உள்ளேதான் காவலில் இருந்தார்கள்.

பாடப் புத்தகத்தில் வராத ஒரு கைதியைப்பற்றிச் சொல்ல ஆசை. கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், நாயக்கர் வழியில் வந்தவன். 1807-இல் கண்டி நகரின் நடுவே ஏரி அமைத்து, ஏரிக்குள் ஒரு தீவும் அதில் அரச மண்டபமும் வைத்தான். ஆங்கிலேயர் பின்னாளில் அந்தத் தீவை வெடிமருந்துக் கிடங்காக்கினார்கள். 1815-இல் பிடிபட்ட அரசனை 1816-இல் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். 1832-இல் இங்கேயே இறந்தான். தன் நீர்த்தீவை இழந்தவன் இன்னொருவன் நீர்த்தீவில் பதினாறு வருடம் கழித்திருக்கிறான். பாலாற்றங்கரையில் அவன் சமாதி இருக்கிறது. கண்டி நகரம் 1988-இல் உலக மரபுப் பட்டியலில் ஏறியது. வேலூருக்கு அந்தப் பேறு இல்லை, நம் 1958-ஆம் ஆண்டுச் சட்டம்தான் துணை.

கோட்டைப் பராமரிப்பு 1921-இல் தொல்லியல் துறையிடம் வந்தது. நெடுங்காலம் வழிபாடின்றிக் கிடந்த கோயிலில் 1981-இல் ஊர் மக்கள் லிங்கத்தைக் கொண்டுவந்து நிறுவினார்கள். துறை தடுத்ததும் மக்கள் மீறியதும் தனிக் கட்டுரைக்குரியவை. ஒன்று மட்டும் சொல்லலாம். கோயில், மசூதி, மாதா கோயில், அரசு அருங்காட்சியகம் எல்லாம் உள்ளே இருக்கிற கோட்டை இது. கல்லைக் காக்கிற சட்டத்துக்கும் அங்கே வந்துபோகிற மனிதர்களுக்கும் இழுபறி என்பது வேலூருக்குப் புதிதில்லை.

ஆனால் என் கவலை தண்ணீரைப்பற்றியது. அகழி தானாக நிரம்புவதில்லை. சூரியகுண்டா என்ற ஏரியிலிருந்து நிலத்தடிக் கால்வாய் வழியாக அகழிக்கு நீர் வந்ததாகப் பழைய குறிப்புகள் சொல்கின்றன. 'குண்ட' என்றால் எங்கள் ஊர்த் தெலுங்கில் குட்டை. வருகிற நீருக்கு வழி இருந்தால் போகிற நீருக்கும் வழி வேண்டும். நீர் குறைந்தால் அகழி நாறும், கூடினால் கோயில் மூழ்கும். இரண்டு வாய்களும் திறந்து மூடுகிற கணக்கில்தான் நீர்க்கோட்டையின் உயிர் இருக்கிறது. அந்த இரண்டு வாய்களுமே கோட்டைக்கு வெளியே, ஊருக்குள் போகிறவை.

2021 நவம்பரில் அந்தக் கணக்கு தவறியது. பெருமழையில் அகழி நிரம்பிச் சலகண்டேசுவரர் கோயிலுக்குள் தண்ணீர் புகுந்தது. பல நாள் வடியவில்லை. நீரால் சூழப்பட்டவர் என்று பெயர் வாங்கிய சுவாமி, பெயருக்கேற்ப இருந்தார் என்று வாட்ஸ்அப்பில் வேடிக்கை பேசினோம். அதே மாதம் திருப்பதியிலும் வெள்ளம். சுவர்ணமுகி பொங்கியது, விஜயநகர காலத்து ராயலசெருவு ஏரிக்கரை கசிந்து, சுற்றுக் கிராமங்களைக் காலி செய்ய வைத்தார்கள். சந்திரகிரியில் சித்தப்பா தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். போனில் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "தண்ணி வந்து கேட்டுச்சுடா, எங்க என் பள்ளம்னு. மதிலோரமாவே தேடிக்கினு போச்சு." மதிலோரப் பள்ளம் என்றால் தூர்ந்துபோன பழைய அகழி. நானூறு வருடத்துக்கு முந்தைய வழி மனிதர்களுக்கு மறந்துவிட்டது, தண்ணீருக்கு மறக்கவில்லை.

அதன்பின் சட்டத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். ஒரு விஷயம் கண்ணில் பட்டது. 2010-ஆம் ஆண்டுத் திருத்தம் 'கட்டுமானம்' என்பதற்கு விளக்கம் சொல்லும்போது, வடிகால் அமைப்பதும் துப்புரவு செய்வதும், பொதுமக்களுக்குக் குடிநீர் வழங்கும் பணியும் அதில் அடங்கா என்று விலக்குக் கொடுக்கிறது. இதில் நியாயம் இல்லாமல் இல்லை. கோட்டை பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக ஊருக்குச் சாக்கடை வேண்டாமா? ஆனால் நீர்க்கோட்டைக்கு வடிகால்தான் நரம்பு. சித்தப்பாவின் மாடியால் சந்திரகிரி மதிலில் ஒரு கல்லும் அசைந்திருக்காது, காட்சி கொஞ்சம் கெட்டிருக்கும். தவறான மட்டத்தில் போட்ட ஒரு சாக்கடை அகழியின் கணக்கையே மாற்றிவிடும். முன்னதற்கு முழுத் தடை, பின்னதற்கு விலக்கு.

நூறு மீட்டருக்கு அப்பால் போனால் இன்னும் சிக்கல். அகழி மத்தியத் தொல்லியல் துறையின் காவல். தெருச் சாக்கடை மாநகராட்சியின் பொறுப்பு. ஏரி மாநிலத்தின் கையில். அதற்கு 2007-ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் தமிழ்நாட்டில் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டு ஈரநில விதிகளோ, பாசனத்துக்காக மனிதர் வெட்டிய ஏரிகளைத் தம் வரம்பிலிருந்து தள்ளிவைத்துவிட்டன. தண்ணீர் ஒன்று, எஜமானர் மூவர். எந்த மழைநாளில் யார் மதகைத் திறப்பது?

ஏரி நடுவே நிற்கிற மாளிகை ஒன்று நீதிமன்றம் வரை போன வழக்கும் நம் நாட்டில் உண்டு. ஜெய்ப்பூரில் மான்சாகர் ஏரிக்குள் ஜல்மகால் இருக்கிறது. சுற்றுலா போனவர்கள் பார்த்திருப்பீர்கள். ஏரியை ஒட்டிய சுமார் 100 ஏக்கரை ஒரு தனியார் நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டார்கள். 2012-இல் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் குத்தகையை ரத்து செய்தது. 2014-இல் உச்ச நீதிமன்றம் குத்தகையை 30 ஆண்டாகக் குறைத்துத் தொடரவிட்டது. தீர்ப்பின் சரி தவறைச் சொல்ல நான் வக்கீல் இல்லை. அந்த வழக்கில் பேசப்பட்டது மாளிகையின் சுவரைவிட அதிகமாக ஏரியின் நிலமும் கரையும்தான் என்பதை மட்டும் கவனித்தேன். வெளிநாட்டில் லிதுவேனியா என்றொரு சிறு நாடு. அங்கே டிராக்காய் என்ற ஊரில் ஏரித்தீவின்மேல் பழைய அரண்மனைக் கோட்டை நிற்கிறது. 1991-இல் அவர்கள் கோட்டையை மட்டும் வேலிபோட்டுக் காக்காமல், ஏரிகளையும் ஊரையும் சேர்த்து வரலாற்றுத் தேசியப் பூங்கா என்று அறிவித்துவிட்டார்கள். கல்லையும் நீரையும் ஒரே ஏட்டில் எழுதிவிட்டார்கள் என்று சொல்லலாம்.

நமக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு உடனே வராது. ஆனால் 2010-ஆம் ஆண்டுத் திருத்தத்திலேயே ஒரு கதவு திறந்திருக்கிறது. ஒவ்வொரு சின்னத்துக்கும் அதன் தன்மைக்கேற்பத் தனி மரபு உபவிதிகள் தயாரிக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. வரைவை வெளியிட்டு மக்களின் கருத்தைக் கேட்கவும் வழி உண்டு. வேலூருக்கான உபவிதியில் கட்டட உயரத்தோடு நீர் வரும் வழியும் போகும் வழியும் வரைபடமாக இடம்பெற வேண்டும், அந்த வழியில் மட்டம் மாற்றுகிற எந்த வேலைக்கும் மூன்று எஜமானரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்பது என் கருத்து. சந்திரகிரிக்கும் அப்படியே. அதோடு, மனைப் பத்திரம் பதிகிற நாளிலேயே 'இது தடைப் பகுதி' என்று வாங்குகிறவருக்குச் சொல்லும் ஏற்பாடும் வேண்டும். இந்தக் கடைசி வரி சித்தப்பாவுக்காக எழுதியது. அவர் அரசை ஏமாற்ற நினைத்தவரில்லை, தெரியாமல் வாங்கியவர். சட்டத்தின்மேல் இப்படி வெறுப்புக்கொண்ட பத்துக் குடும்பம் மதிலோரம் இருந்தால், அந்த மதிலை எந்தக் காவலாளி காப்பான்?

2022 கடைசியில் சித்தப்பாவுக்குக் கண் புரை அறுவைக்காக வேலூருக்குக் கூட்டிப்போனேன். ஒரு கண்ணில் கட்டோடு, "அந்தக் கோட்டையைப் பாக்கணும்டா" என்றார். கரையோரம் மெதுவாக நடந்தோம். மதிலை அவர் அதிகம் பார்க்கவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தார். டீக்கடை ஒன்றில் நின்றோம். கடைக்காரர் எழுபது வயதுக்காரர். "பெரியவரே, இந்தத் தண்ணி ரொம்பினா எந்தப் பக்கமா போவும்?" என்று சித்தப்பா கேட்டார்.

அவர் கிளாஸைக் கழுவிக்கொண்டே பின்னால் இருந்த தெருவைத் தாடையால் காட்டினார். "எங்கப்பா காலத்துல இந்தப் பக்கமா ஒரு கால்வா போச்சாம். இப்ப ரோட்டுக்கு அடியில எங்கியோ கீது."

சித்தப்பா அந்தத் தெருமுனை வரை போய், செருப்பைக் கழற்றிவிட்டு, தார் ரோட்டில் காலடி வைத்து எண்ண ஆரம்பித்தார்.